நாளிதழ்ப் படத்தொடர்களும் தாவர உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாளிதழ்களில் அன்றாடம் வெளிவரும் படத்தொடர்களைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருபவர்களில் நானும் ஒருவன். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய அனைத்தையும் விட்டுவிட்டுத் தாவர உணவை மட்டுமே உண்ண வேண்டும் என்று எல்லோரிடமும் எடுத்துச் சொல்லி வருபவனும்கூட. இந்த இரண்டு ஈடுபாடுகளும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்ற வியப்பில் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் தரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படத்தொடருக்கும் நாம் உண்ணும் உணவுக்கும் என்ன தொடர்பு?

ஒரு நாவலை ஒரு வாரத்தில் படித்து முடித்துவிடுகிறோம். ஒரு திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நாளிதழ்ப் படத்தொடரோ நாளொன்றுக்கு அரை நிமிடம்தான் கேட்கிறது. ஆனால் அதை முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கேட்கிறது. சார்ல்ஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீனட்ஸ்' 1950 அக்டோபரில் தொடங்கி, அவர் மறைந்ததற்கு மறுநாளான 2000 பிப்ரவரி 13 வரை புதிய படங்களுடன் வெளிவந்தது. அத்தனை காலமும் அதைப் படித்த ஒருவர் ஸ்னூப்பி என்ற நாயின் பசி, கனவு, கோபம், தனிமை ஆகியவற்றோடு தன் உடன்பிறந்தவர்களைவிட நெருக்கமாகப் பழகியிருப்பார்.

அப்படிப் பழகியவர் ஓர் அடிப்படை உண்மையை மனத்தளவில் ஏற்றுக்கொண்டு விட்டார் என்றே நான் கருதுகிறேன். விலங்குக்கும் விருப்பு வெறுப்பு உண்டு, அச்சம் உண்டு, அதன் வாழ்க்கை அதற்கு முக்கியம் என்பதே அந்த உண்மை. காலையில் காப்பியோடு இதை ஏற்றுக்கொண்டவர், மதியம் தட்டில் இருக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நான் எடுத்துச் சொல்லும் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். படத்தொடர் வாசகரிடம் பேசும்போது பாதி வழியை அவரே ஏற்கெனவே கடந்து வந்திருக்கிறார் என்பதால்தான் அவர்களிடம் பேசுவதில் எனக்குத் தனி ஆர்வம்.

எந்தத் தொடரை முதலில் சொல்வீர்கள்?

பாட்ரிக் மெக்டானல் வரையும் 'மட்ஸ்' தொடரைத்தான், எந்தத் தயக்கமும் இல்லாமல். கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தின் வழியாக 1994 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இத்தொடரில் ஏர்ல் என்ற சிறிய நாயும் மூச் என்ற கறுப்புப் பூனையும் அண்டை வீட்டு நண்பர்கள். ஏர்லுக்கு ஆஸி என்பவர் துணை. மூச் வாழ்வது ஃபிராங்க், மில்லி என்ற வயதான தம்பதியின் வீட்டில். மெக்டானல் தாம் வளர்த்த ஜாக் ரஸல் டெரியர் நாயின் பெயரையே ஏர்லுக்கு வைத்தார். நாயும் பூனையும் கடற்கரைக்குப் போகும், பனியில் விளையாடும், வீட்டு வாசலில் உட்கார்ந்து நண்பர் திரும்பி வரும் நேரத்துக்காகக் காத்திருக்கும். பெரும்பாலான நாள்களில் இதற்கு மேல் கதை என்று எதுவும் இராது.

இத்தொடரைக் கூர்ந்து பார்த்தால் அதன் கோடுகளுக்கு ஒரு மரபு இருப்பது தெரியும். மெக்டானல் 1986-இல் வேறு இருவரோடு சேர்ந்து, 1913 முதல் 1944 வரை வெளிவந்த 'கிரேஸி கேட்' தொடரையும் அதை வரைந்த ஜார்ஜ் ஹெரிமனையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தப் பயிற்சி 'மட்ஸ்' கட்டங்களில் நன்றாகவே தெரிகிறது. தூரிகையால் இழுத்த தடித்த கோடு, பின்னணியில் ஒரே ஓர் அடிவானக் கோடு, அதன்மீது இரண்டு சிறிய உருவங்கள், மீதமெல்லாம் வெற்றுத் தாள். அந்த வெறுமையில் ஏர்லின் காது சற்றே தாழ்ந்தால்கூட நம் கண் அங்கேதான் போகும். முகத்தில் இரண்டு புள்ளிகளையும் ஒரு வளைகோட்டையும் வைத்துக்கொண்டு ஒரு நாயின் ஏக்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும் என்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிப்பதே இல்லை. ஷுல்ஸே இத்தொடரை எக்காலத்துக்குமான சிறந்த தொடர்களுள் ஒன்றாகப் பாராட்டியிருக்கிறார்.

மெக்டானல் தம் உணவில் விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர். அமெரிக்காவின் பெரிய விலங்கு நல அமைப்புகளுள் ஒன்றான, இப்போது 'ஹியூமேன் வேர்ல்ட் ஃபார் அனிமல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டுள்ள அமைப்பின் ஆட்சிக் குழுவில் இருந்தவர். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், 'காப்பகக் கதைகள்' என்ற வரிசையை வெளியிடுவது அவர் வழக்கம். அந்த நாள்களில் ஏர்லும் மூச்சும் ஒதுங்கிக்கொள்ள, காப்பகத்தில் தத்தெடுப்புக்காகக் காத்திருக்கும் ஒரு நாயோ பூனையோ நாளுக்கு ஒன்றாக வந்து நேரே நம்மைப் பார்த்துத் தன்னைப் பற்றிப் பேசும். தான் ஏன் அங்கே வந்தது, தனக்கு என்ன பிடிக்கும், யாருக்காகக் காத்திருக்கிறது என்று அது சொல்லும். புள்ளிவிவரம் இராது; கண்டனம் இராது; ஒரு குரல் மட்டுமே இருக்கும்.

சங்கிலியில் கட்டப்பட்ட காவல் நாயின் கதையையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக இத்தொடரில் வந்துபோன அந்த நாய்க்கு ஒரு பெயர்கூட இல்லை. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதன் உலகம். அதை அவிழ்த்துவிடுமாறு வாசகர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். ஆனால் உண்மையான நாய்கள் இன்னும் கட்டுண்டு கிடக்கும்போது படத்தில் மட்டும் அதை விடுவித்து மனத்தைத் தேற்றிக்கொள்வது எளிது. மெக்டானல் அவசரப்படவில்லை. 2023-இன் பிற்பகுதியில் அதன் உரிமையாளர் வீட்டைக் காலி செய்துகொண்டு நாயைச் சங்கிலியோடு விட்டுச் செல்வதாகக் கதை திரும்பியது. வாரக்கணக்கில் நீண்ட அந்தக் கதையின் முடிவில், டூஸி என்ற சிறுமியின் குடும்பத்தால் நாய் மீட்கப்பட்டது. ஒரு கட்டுண்ட விலங்குக்காக வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை நான் மிகப் பெரிய செய்தியாகவே கொள்கிறேன். கூண்டுக்குள் முட்டையிடும் கோழிக்காகவும் அப்படிக் காத்திருக்கக் கூடியவர்கள்தாம் அவர்கள்.

அந்தத் தொடரிலேயே நாயும் பூனையும் இறைச்சிக் கடைக்குப் போகின்றனவே?

போகின்றன. ஏர்லும் மூச்சும் தின்பண்டம் கேட்டு ஒரு கடையின் வாசலில் போய் நிற்பது 'மட்ஸ்' தொடரின் தொடக்க காலத்திலிருந்தே வரும் காட்சி. அதே தொடரில் கடற்கரையில் வாழும் கோபக்கார நண்டும், கண்ணாடிக் குடுவைக்குள் அடைபட்ட தங்கமீனும் முழுமையான பாத்திரங்களாக வருகின்றன. பசிக்கும் பூனையையும் பயப்படும் மீனையும் ஒரே வீட்டில் வைத்து, இரண்டின் பக்கமும் நின்று வரைவது எளிய செயலன்று. நாயும் பூனையும் தம் இயல்புப்படி உண்கின்றன. உணவைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. அந்த வசதி இருப்பது செய்தித்தாளைக் கையில் பிடித்திருக்கும் நமக்குத்தான்.

அப்படியானால் வீட்டுப் பூனைக்கும் தாவர உணவு தரலாமா?

கூடாது என்பதே என் விடை. பூனை இறைச்சியை உண்டே வாழக்கூடிய உயிரினம். டாரின் என்ற சேர்மத்தைத் தனக்குப் போதிய அளவில் அதன் உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் இதயத் தசை நலிவும் பார்வை இழப்பும் ஏற்படும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதுபோல் பூனையின் உடல் மாற்றிக்கொள்வதும் இல்லை. நாயின் உடல் இதில் சற்று நெகிழ்வானது என்றாலும், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதன் உணவை மாற்றக் கூடாது. விலங்கின்மீது அன்பு கொண்டு தாவர உணவுக்கு மாறியவர், அந்த அன்பின் பெயரால் தம் பூனையை நோயாளியாக்கிவிடக் கூடாது.

படத்தொடர் வழியாகப் பிரசாரம் செய்தால் நகைச்சுவை கெட்டுவிடாதா?

கெடக் கூடும். இந்தக் கேள்விக்கு டான் பிராரோ வரைந்த 'பிசாரோ' நல்ல சான்று. 1985-இல் தொடங்கிய இது பெரும்பாலும் ஒரே கட்டத்தில் முடியும் கேலிச்சித்திரம். பிராரோ 2002-இல் தாவர உணவுக்கு மாறினார். அதன் பிறகு பண்ணை விலங்குகள், வேட்டை, இறைச்சிக்கூடம் ஆகியவை அவருடைய கட்டங்களில் அடிக்கடி இடம்பெற்றன; அதனால் எரிச்சலடைந்த வாசகர்களும் உண்டு. இருந்தும் 2009-ஆம் ஆண்டுக்கான ரூபன் விருதை, அதாவது அமெரிக்க நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் சங்கம் ஆண்டுதோறும் தரும் தலையாய விருதை, சக கலைஞர்கள் அவருக்கே அளித்தார்கள். மெக்டானல் 1999-ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றவர். 2018 முதல் 'பிசாரோ' தொடரின் வாரநாள் படங்களை வேய்னோ என்பவர் வரைந்து வருகிறார்.

இருவரையும் அருகருகே வைத்துப் படித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிராரோவின் படம் உடனே குத்தும். ஏற்கெனவே உடன்படுகிறவர் கைதட்டுவார், உடன்படாதவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். மெக்டானலின் படம் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அதனாலேயே பக்கத்தைத் திருப்பிவிட யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை. பேச்சில் நானும் இந்த இரண்டாவது வழியையே பின்பற்ற முயல்கிறேன். ஆனாலும் பிராரோவின் துணிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் வெளிவரும் ஒருவர், தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தை மீறித் தம் மனச்சாட்சியை வரைந்தார்.

தாவர உணவைப் பற்றி ஒன்றுமே சொல்லாத தொடர்களில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?

சில சமயம் அவற்றில்தான் அதிகம் கிடைக்கிறது. கேரி லார்சனின் 'தி ஃபார் சைட்' 1980 முதல் 1995-இன் முதல் நாள் வரை நாளிதழ்களில் வெளிவந்தது. மாடுகள் அவருக்கு மிகவும் பிடித்த பாத்திரங்கள். ஒரு படத்தில் சாலையோர மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் இரண்டு கால்களில் நின்றபடி அரட்டை அடித்துக்கொண்டிருக்கும். ஒன்று "கார் வருகிறது" என்று குரல் கொடுக்கும். கார் கடக்கும்போது எல்லாம் நான்கு கால்களில் மேய்ந்துகொண்டிருக்கும். கார் போனதும் மறுபடி எழுந்து பேச்சைத் தொடரும். லார்சன் எந்த உணவுக் கொள்கையையும் இங்கே முன்வைக்கவில்லை. அவர்மீது ஒன்றை ஏற்றிச் சொல்ல எனக்கும் உரிமை இல்லை. ஆனால் நாம் பார்க்காதபோது மாட்டுக்கென ஒரு வாழ்க்கை இருக்கிறது என்ற எண்ணம் அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் எளிதில் மறக்காது.

பில் வாட்டர்சனின் 'கால்வினும் ஹாப்ஸும்' தொடரில் இதைவிட நேரடியான ஓர் இடம் உண்டு. ஹாம்பர்கரில் உள்ள இறைச்சி ஹாம்பர்க் நகரத்து மக்களிடமிருந்து எடுத்ததா என்று ஆறு வயதுக் கால்வின் உணவு மேசையில் கேட்கிறான். தாய் எரிச்சலோடு மறுத்து, அது அரைத்த மாட்டிறைச்சி என்கிறார். அப்படியென்றால் தான் ஒரு மாட்டையா தின்றுகொண்டிருக்கிறேன் என்று அவன் திகைக்க, தாய் ஆம் என்கிறார். இதற்கு மேல் சாப்பிட முடியாது என்று பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான். பெரியவர்கள் நினைத்துப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்ட ஒன்றைக் குழந்தை முதன்முறையாக நினைத்துப் பார்க்கிறது. சிரிப்பதற்காக வரைந்த நான்கு கட்டங்கள்தாம்; எனக்கு அவை எந்தச் சொற்பொழிவையும்விட வலிமையானவை.

பாப்பாய் கீரை உண்டது உண்மையிலேயே இரும்புச் சத்துக்காகவா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை என்பதால் விரிவாகவே விடை சொல்கிறேன். எல்சி கிரைஸ்லர் சீகர் 1919-இல் தொடங்கிய 'திம்பிள் தியேட்டர்' தொடரில், பத்தாண்டுகள் கழித்து 1929 ஜனவரி 17 அன்று, ஒரு கப்பல் பயணத்துக்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமியாகவே பாப்பாய் நுழைந்தார். அப்போது அவருக்கும் கீரைக்கும் தொடர்பே இல்லை. அந்த முதற்கதையில் பலமுறை துப்பாக்கிக் குண்டு பாய்ந்தும் அவர் பிழைப்பது, பெர்னிஸ் என்ற மாயக் கோழியின் தலையைத் தடவித் தடவிப் பெற்ற நற்பேற்றால். பாப்பாயைக் காப்பாற்றிய முதல் ஆற்றல் ஒரு பறவையை உண்டதால் வரவில்லை, அதைத் தடவிக்கொடுத்ததால் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கீரை 1930-களின் தொடக்கத்தில் தொடருக்குள் வந்தது. 1933 முதல் ஃபிளைஷர் சகோதரர்களின் அசைவுப்படங்கள் வெளிவரத் தொடங்கிய பிறகே, டப்பாவை நசுக்கிக் கீரையை வாயில் கொட்டிக்கொண்டு எதிரியைப் புரட்டி எடுக்கும் வழக்கமான முடிவு உலகெங்கும் பரவியது. டெக்சாஸ் மாநிலத்தில் கீரை விளையும் ஊரான கிரிஸ்டல் சிட்டியில் 1937-இலேயே பாப்பாய்க்குச் சிலை வைத்தார்கள். ஒரு படத்தொடர் நாயகன் ஒரு பயிரின் முகமாகவே மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரும்புச் சத்துக் கதைக்கு வருவோம். ஜெர்மானிய அறிவியலாளர் ஒருவர் கீரையின் இரும்பு அளவை எழுதும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டதால் அது பத்து மடங்காகிவிட்டது என்றும், அந்தப் பிழையை நம்பியே பாப்பாய் கீரை உண்ண வைக்கப்பட்டார் என்றும் பலர் எழுதுகிறார்கள். 1981-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு இந்தக் கதை வேகமாகப் பரவியது. 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் இதன் மூலத்தைத் தேடிப் பார்த்தபோது கதைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. சீகர் தாமே வரைந்த 1932-ஆம் ஆண்டுப் படத்தில் பாப்பாய் சொல்லும் காரணம் வைட்டமின் ஏ. இரும்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கீரையில் அந்த வைட்டமினாக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் நிறைய இருப்பதால் பாப்பாய் சொன்னது சரிதான்.

அப்படியானால் தாவர உணவில் இரும்புச் சத்துக்கு என்ன செய்வது?

பாப்பாய் உண்ட பசலைக்கீரையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால் தாவரங்களில் உள்ள இரும்பை உடல் ஈர்த்துக்கொள்வது இறைச்சியில் உள்ளதைவிடக் கடினம். வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராமும், 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு 18 மில்லிகிராமும் அமெரிக்கப் பரிந்துரை. ஆகவே பெண்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

ஒரு வேளைச் சமையலை வைத்தே வழியைச் சொல்கிறேன். கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து நீரை வடித்துவிட்டால், சில சத்துகளை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஆக்சலேட் என்ற சேர்மத்தில் ஒரு பகுதி போய்விடும். பிறகு வெந்த பருப்போடு சேர்த்துக் கடைந்து, எண்ணெயில் கடுகும் பூண்டும் மிளகாயும் தாளித்துக் கொட்டி, பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். இறக்கியபின் பிழிந்தால் அது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. ரத்தச்சோகை ஏற்கெனவே உள்ளவர்களுக்குச் சமையல் குறிப்பு போதாது. அவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புரதமும் பி12 வைட்டமினும்?

புரதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம் தேவை. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சோயா ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்து உண்பவருக்கு அது கிடைத்துவிடும்.

பி12 விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதை உருவாக்குபவை நுண்ணுயிர்கள். தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. மாத்திரையில் உள்ள அளவு முழுவதையும் உடல் ஏற்காது என்பதால், நாள்தோறும் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுமாறு பிரிட்டனின் வீகன் சொசைட்டி கூறுகிறது. இந்தச் சத்து நெடுநாள் குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, சில சமயம் மீளாமலும் போகும். கீரையும் பருப்பும் போதும், மாத்திரை எதற்கு என்று பெருமை பேசுபவர்கள் தம் உடலையும் கெடுத்துக்கொண்டு, தாவர உணவின் நற்பெயரையும் கெடுக்கிறார்கள்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், தமிழ் வாசகர்களிடம் நான் பேச விரும்புவதே இந்தக் கேள்வியைத்தான். நம் வீட்டுச் சைவத்தில் பாலும் தயிரும் நெய்யும் மோரும் நிரம்பியிருக்கின்றன. மாடு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஆகவே பால் தொடர்ந்து வேண்டுமென்றால் மாடு தொடர்ந்து ஈன்றுகொண்டே இருக்க வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் காளைக்கன்றுக்கும், மடி வற்றிய பிறகு அதன் தாய்க்கும் என்ன ஆகிறது என்று விசாரித்துப் பார்த்தால் பால் தொழிலையும் இறைச்சித் தொழிலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது புரியும். முட்டையும் அப்படியே. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சுகளால் பயனில்லை என்று அவை முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022-இன் தொடக்கத்திலிருந்து இதைச் சட்டத்தால் தடுத்துள்ளது.

சமையலறையில் இந்த மாற்றம் நமக்கு மற்றவர்களைவிட எளிது. இட்லி, தோசை, சாம்பார், ரசம், சுண்டல், புளியோதரை, தேங்காய்ப்பால் சொதி என்று நம் உணவில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே தாவர உணவுதான். தாளிப்பில் நெய்யை விட்டு எண்ணெய்க்கு மாறினால் போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கடினமானது தயிர்ச்சோறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேர்க்கடலைப் பாலை உறையவைத்துச் செய்யும் தயிரில் கடுகும் இஞ்சியும் தாளித்துச் சாப்பிட்டால் பழகிவிடும், ஆனால் சில வாரங்கள் ஆகும்.

சுற்றுச்சூழல் காரணமும் உண்டா?

உண்டு. 2018-இல் 'சயன்ஸ்' இதழில் பூர், நெமெசெக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. இறைச்சி, மீன் வளர்ப்பு, முட்டை, பால் ஆகியவை உலகின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைப் பயன்படுத்திக்கொண்டு, நமக்கு வேண்டிய கலோரியில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் மட்டுமே தருகின்றன என்று அது கணக்கிட்டது. ஆயினும் என்னைப் பொறுத்தவரை விலங்கே முதற்காரணம்.

கார்ஃபீல்டும் விம்பியும் டாக்வுட்டும் தீனி தின்னும் தொடர்களைப் படிக்கக் கூடாதா?

தாராளமாகப் படிக்கலாம், நானும் படிக்கிறேன். 1978-இல் தொடங்கிய 'கார்ஃபீல்டு' தொடரின் பூனைக்கு லசான்யாமீது உள்ள மோகமும், 1930-இல் தொடங்கிய 'பிளாண்டி' தொடரில் டாக்வுட் நள்ளிரவில் அடுக்கும் மாபெரும் சாண்ட்விச்சும், அடுத்த செவ்வாய்க்கிழமை பணம் தருவதாகச் சொல்லி இன்றைக்கு ஒரு ஹாம்பர்கர் கேட்கும், பாப்பாய் தொடரின் விம்பியும் அந்தந்தக் காலத்து அமெரிக்க உணவு மேசையின் ஆவணங்கள். விம்பியின் பெயரில் ஓர் உணவகக் குழுமமே எழுந்து, 1950-களில் பிரிட்டன் வரை பரவியது. பழைய படங்களைத் திருத்துவதோ மறைப்பதோ எனக்கு உடன்பாடில்லை. டாக்வுட்டின் அடுக்கு சாண்ட்விச்சைத் தக்காளி, வெள்ளரி, வறுத்த டோஃபு, கொண்டைக்கடலை மசியல், ஊறுகாய் வெள்ளரி என்று அடுக்கி விருந்தினருக்குப் பரிமாறுவது என் வழக்கம்; யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது?

படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். 'மட்ஸ்' காப்பகக் கதைகளை ஏழு, எட்டு வயதுக் குழந்தை தானே புரிந்துகொள்ளும். கேள்வி வந்தால் கால்வினின் தாயைப்போல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கேட்காத குழந்தையிடம் இறைச்சிக்கூடக் காட்சிகளை விவரிக்காதீர்கள். குழந்தை தாவர உணவுக்கு மாற விரும்பினால், வளரும் வயதின் தேவைகளை அறிந்த உணவியலாளரைக் கலந்து பேசித் திட்டமிட வேண்டும்.

தமிழ் நாளிதழ்களில் இப்படிப்பட்ட தொடர் உண்டா?

தமிழில் நாளிதழ்ப் படத்தொடர் என்றதும் நினைவுக்கு வருவது தினத்தந்தியில் 1960 முதல் வெளிவரும் 'கன்னித்தீவு'. சிந்துபாத்தின் சாகசத்தை அன்றாடம் மூன்று, நான்கு கட்டங்களில் படித்து வளர்ந்த தமிழருக்கு, சிறிய தொடர் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது சாகசக் கதை. கன்றைப் பிரிந்த ஒரு மாட்டையும் தெருநாயையும் நண்பர்களாக வைத்து, நம் ஊர் வீதியில் நடக்கும் ஓர் அன்றாடத் தொடரை யாராவது தமிழில் வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இத்தகைய தொடர்களை ஆதரிக்க வாசகர் என்ன செய்யலாம்?

ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அமெரிக்காவில் பல நாளிதழ்களை நடத்தும் லீ எண்டர்பிரைசஸ் நிறுவனம் 2022-இல் தன் படத்தொடர் பக்கங்களைச் சுருக்கியது. அடுத்து வேறு பெரிய குழுமங்களும் தம் இதழ்கள் அனைத்துக்கும் பொதுவான சிறு பட்டியலுக்கு மாறின. பக்கம் சுருங்கும்போது எந்தத் தொடர் தங்கும் என்பதில் வாசகரின் குரலுக்கு இன்னமும் எடை உண்டு. நிறுத்தச் சொல்லி எழுதுபவர்களே அதிகம் எழுதுகிறார்கள்; பிடித்தவர்களும் எழுத வேண்டும். தொகுப்பு நூல்களை வாங்குவதும், உங்கள் ஊர் நூலகத்தை வாங்கச் சொல்லிக் கேட்பதும் ஓவியருக்கு நேரடியாக உதவும்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'மட்ஸ்' தொடரின் தொடக்க காலத் தொகுப்பு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். காவல் நாயின் கதையை அதற்குப் பிறகு படியுங்கள், ஏனெனில் அந்தச் சங்கிலியின் நீளத்தைப் பல ஆண்டுப் படங்களில் பார்த்துப் பழகியவருக்கே அது அவிழும் நாளின் முழு மதிப்பும் தெரியும். குழந்தைகளுக்கு என்றால், சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலின் சிறுவயதை மெக்டானல் வரைந்த 'மீ... ஜேன்' என்ற 2011-ஆம் ஆண்டுப் படநூலைத் தாருங்கள். அது மறு ஆண்டு, அமெரிக்காவில் குழந்தைகளுக்கான படநூல்களுக்குத் தரப்படும் கால்டிகாட் விருதின் மதிப்புப் பட்டியலில் இடம்பெற்றது. பாப்பாயைப் படிக்க விரும்புவோர் அசைவுப்படங்களை ஒதுக்கிவிட்டு, சீகர் 1938-இல் மறையும் வரை வரைந்த மூலத் தொடரையே தேடிப் படியுங்கள்.